எழும்பூர் ஸ்டேஷனைக் கட்டியது யார்? - ஒரு காண்ட்ராக்டின் கதை

தொட்டியத்திலிருந்து முசிறி வழியாகப் பஸ் பிடித்து, திருச்சி ஜங்ஷனில் ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஏறி, விடியற்காலையில் எழும்பூரில் இறங்குவது. நம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக மெட்ராஸ் போனவர்களின் வழி இதுதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து ஆட்டோக்காரரிடம் பேரம் பேசும் அவசரத்தில், பின்னால் நிற்கும் அந்தச் சிவப்பும் வெள்ளையுமான கட்டடத்தைத் திரும்பிப் பார்க்கிறவர்கள் குறைவு.

அதைக் கட்டியது யார் என்று கேட்டால் "வெள்ளைக்காரன்" என்று பதில் வரும். கொஞ்சம் படித்தவர்கள் "ஹென்றி இர்வின்" என்பார்கள். இரண்டுமே பாதிதான் சரி. வரைபடம் போட்டவர் இர்வின். பணம் போட்டது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. கட்டி முடித்துக் கொடுத்தவர் பெங்களூரைச் சேர்ந்த டி. சாமிநாத பிள்ளை என்கிற காண்ட்ராக்டர். 1905 செப்டம்பரில் வேலை தொடங்கி, 1908 ஜூன் 11 அன்று நிலையம் திறக்கப்பட்டது. செலவு சுமார் 17 லட்சம் ரூபாய்.

கட்டடக் கலையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இந்தக் கட்டுரை அதன் கணக்குப் பக்கத்தைப் பற்றியது. ஒரு பெரிய கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் ஒப்பந்தம் என்ன செய்கிறது? ஒரே வரியில் சொன்னால், நஷ்டம் வந்தால் அது யார் தலையில் விழும் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கிறது.

திருச்சியில் ஆபீஸ், லண்டனில் முதலாளி

எழும்பூர் மெட்ராஸில் இருந்தாலும், அதைக் கட்டிய கம்பெனியின் இந்தியத் தலைமையகம் நம் திருச்சிதான். 1861-62இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்குத் தண்டவாளம் போட்டது கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே. அது 1874இல் கர்நாடிக் ரயில்வேயோடு சேர்ந்து தென்னிந்திய ரயில்வே ஆனது. டைரக்டர்கள் லண்டனில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றாட நிர்வாகம் திருச்சியில் நடந்தது.

இந்தக் கம்பெனிகள் முதல் திரட்டிய விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்துப் பணக்காரர்கள் பங்கு வாங்கினார்கள். ரயிலில் லாபம் வந்தாலும் வராவிட்டாலும் அவர்களுக்குக் குறைந்தபட்ச வட்டி கிடைக்கும் என்று அரசாங்கம் உத்தரவாதம் கொடுத்தது. ஆரம்பகாலக் கம்பெனிகளுக்கு இது ஐந்து சதவீதம். வருமானம் போதாவிட்டால் பற்றாக்குறை இந்திய வரிப்பணத்திலிருந்து போகும். அதாவது லண்டன் பங்குதாரரின் நஷ்டம் தஞ்சாவூர் விவசாயி கட்டும் தீர்வையில் வந்து நின்றது. தாதாபாய் நௌரோஜி போன்றவர்கள் பிரிட்டிஷ் ஆட்சியைக் குறைசொன்னபோது ரயில்வே வட்டியும் அந்தப் பட்டியலில் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

இது முதல் அடுக்கு. இங்கே முதலாளியின் தலையில் எதுவும் விழாது.

ஒரு லட்சத்துக்கு நிலம்

ஸ்டேஷனுக்கு நிலம் தேவைப்பட்டது. எழும்பூரில் கம்பெனி கேட்ட நிலத்தில் ஒரு பகுதி டாக்டர் எஸ். பழனியாண்டிக்குச் சொந்தமானது. இவரும் நம்மூர்க்காரர்தான், திருச்சியில் பிறந்தவர். 1860இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் எம்.டி. பட்டம் பெற்றவர். பிரிட்டனில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் என்று சொல்லப்படுபவர். 1886இல் மெட்ராஸில் வெள்ளைக்காரப் பாதிரிகளின் பிடி இல்லாத தேசியத் திருச்சபையைத் தொடங்கியவரும் இவரே.

முதலில் நிலத்தைத் தர அவர் சம்மதிக்கவில்லை. இப்படி ஒரு இடம் திரும்பக் கிடைக்காது என்று கலெக்டருக்குக் கடிதம் எழுதினார். பிறகு ஒரு லட்சம் ரூபாய்க்குச் சம்மதித்தார். மொத்தச் செலவான 17 லட்சத்தோடு ஒப்பிட்டால் இது சின்னத் தொகை இல்லை.

ராயகோபுரமும் டெண்டரும்

நம் ஊரில் கட்டடம் கட்டத் தெரியாமலா இருந்தது? ஸ்ரீரங்கத்தைப் பார்த்தால் போதும். ஆனால் அங்கேயே ஒரு பாடமும் இருக்கிறது. தெற்கு வாசலில் ராயகோபுரம் பல நூற்றாண்டுகள் அடித்தளத்தோடு மொட்டையாக நின்றது. அந்த வேலைக்குப் பின்னால் இருந்தது அரசர்களின் ஆதரவு. ஆதரவு போனதும் வேலை நின்றது. இத்தனை வருடத்தில் முடிக்க வேண்டும் என்று யாரும் யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை. கடைசியில் அகோபில மடத்தின் 44ஆம் பட்டம் ஜீயர் 1979இல் பணியைத் தொடங்கி, ஒவ்வொரு நிலைக்கும் நன்கொடை திரட்டி, 1987இல் 236 அடி ராஜகோபுரமாக முடித்தார்.

டெண்டர் முறை இதற்கு நேர் எதிர். 1850களில் பொதுப்பணித் துறை உருவான பிறகு நம் பக்கத்தில் பரவிய ஏற்பாடு அது. வரைபடம் தயாராகும். எஸ்டிமேட் போடுவார்கள். பத்திரிகையில் அறிவிப்பு வரும். டேவணித் தொகை கட்டியவர்கள் மூடிய கவரில் விலை கொடுப்பார்கள். எடுத்தவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார். வேலை நடக்க நடக்க இன்ஜினியர் அளந்து எம்-புக்கில் எழுதுவார். எம்-புக்கில் ஏறினால்தான் பில், பில் பாஸ் ஆனால்தான் பணம். அந்தப் பணத்திலும் ஒரு பங்கைப் பிடித்து வைத்து, வேலை முழுக்க முடிந்த பிறகு தருவார்கள்.

இந்த ஏற்பாடு முழுவதையும் தாங்கி நிற்பது 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம். பி.காம். வணிகச் சட்டப் பேப்பரில் மனப்பாடம் செய்கிற அதே சட்டம்தான். ஒப்பந்தத்தை மீறினால் இழப்பீடு என்பது 73ஆவது பிரிவு. தாமதத்துக்கு இவ்வளவு என்று தொகையை முன்பே எழுதி வைத்திருந்தால், அந்தத் தொகைக்கு மிகாமல் நியாயமான இழப்பீடு என்பது 74ஆவது பிரிவு. பரீட்சைக்குப் படிக்கும்போது வறட்சியாக இருக்கும் இந்தப் பிரிவுகள்தான் ராயகோபுரத்துக்கும் எழும்பூருக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம்.

மூன்று வகை ஒப்பந்தம்

கட்டட ஒப்பந்தங்கள் பல மாதிரி இருந்தாலும் அடிப்படை மூன்றுதான்.

முதலாவது, விகித ஒப்பந்தம். நூறு கன அடி செங்கல் கட்டுக்கு இவ்வளவு, நூறு சதுர அடி பூச்சுக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு வேலைக்கும் ரேட். முடிந்த வேலையை அளந்து பணம். அஸ்திவாரம் ஆறு அடி என்று நினைத்துத் தோண்டி ஒன்பது அடி போக வேண்டியிருந்தால், கூடுதல் மூன்று அடிக்கும் முதலாளி பணம் தருவார். ஆனால் நடுவில் செங்கல் விலை ஏறினால் அது காண்ட்ராக்டர் பாடு.

இரண்டாவது, மொத்தத் தொகை ஒப்பந்தம். முழு வேலைக்கும் ஒரே தொகை. தோண்டியது ஆறு அடியா ஒன்பது அடியா என்று யாரும் கேட்க மாட்டார்கள். எல்லாம் காண்ட்ராக்டர் தலையில்.

மூன்றாவது, செலவோடு கூலி சேர்த்துத் தரும் ஒப்பந்தம். ஆன செலவை அப்படியே முதலாளி தருவார், மேலே காண்ட்ராக்டருக்கு ஒரு தொகை. இங்கே ஆபத்து முழுக்க முதலாளிக்கு. காண்ட்ராக்டருக்குச் சிக்கனமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

எந்த வகையாக இருந்தாலும் காண்ட்ராக்டருக்கு ஒரு சங்கடம் நிச்சயம். வேலையை முதலில் செய்துவிட்டு, பணத்தைப் பிறகு வாங்க வேண்டும். சூளைக்காரர், மரக்கடைக்காரர், வண்டிக்காரர் எல்லாருக்கும் தவணை சொல்லலாம். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வாரச் சம்பளம் சொல்ல முடியாது, கொடுத்தாக வேண்டும். ஆகவே காண்ட்ராக்டர் என்பவர் கட்டுகிறவர் மட்டும் அல்ல, நடைமுறையில் ஒரு குட்டி பேங்க்கும்கூட.

ஹைகோர்ட் கணக்கு

எஸ்டிமேட்டும் கடைசிச் செலவும் எவ்வளவு தூரம் விலகும் என்பதற்கு எழும்பூருக்கு முந்தைய ஒரு பெரிய உதாரணம் மெட்ராஸ் ஹைகோர்ட். 1888இல் வேலை தொடங்கியது. பிராசிங்டன் போட்ட ஆரம்ப வரைபடத்தை இர்வினும் ஸ்டீபன்ஸும் எடுத்து முடித்தார்கள். 1892 ஜூலை 12 அன்று திறப்பு விழா. எஸ்டிமேட் 9 லட்சத்து 45 ஆயிரம் ரூபாய். ஆன செலவு கிட்டத்தட்ட 13 லட்சம். ஏறக்குறைய 37 சதவீதம் கூடுதல்!

ஹைகோர்ட்டைக் கட்டிய காண்ட்ராக்டர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டி (1856 - 1925). இர்வின் வரைந்ததை நம்பெருமாள் கட்டுவார் என்று சொல்லும் அளவுக்கு அந்த ஜோடி மெட்ராஸில் வேலை பார்த்தது. கன்னிமாரா நூலகம், கடற்கரைச் சாலையில் பேங்க் ஆஃப் மெட்ராஸ் கட்டடம், எழும்பூர் மியூசியம் வளாகத்தில் விக்டோரியா நினைவு மண்டபம் என்று வரிசை போகிறது. சேத்துப்பட்டில் பெரிய பகுதி அவருக்குச் சொந்தமாக இருந்தது. செட்டிப்பேட்டைதான் சேத்துப்பட்டு ஆனது என்று சொல்பவர்களும் உண்டு. 1920இல் கணித மேதை ராமானுஜன் தன் கடைசி நாட்களைக் கழித்ததும் அங்கே நம்பெருமாளுக்குச் சொந்தமான ஒரு வீட்டில்தான்.

ஆக, அந்தத் தொழிலில் ஆபத்தும் உண்டு, எடுத்துச் செய்தவர்களுக்குப் பெரிய லாபமும் உண்டு. வெள்ளைக்கார அதிகாரிகள் மேற்பார்வை பார்த்த காலத்திலேயே, செங்கல், சுண்ணாம்பு, மரம், ஆள் ஆகிய நான்கையும் சேர்த்துக் கட்டி மேய்க்கத் தெரிந்த உள்ளூர்க்காரர்கள் கையில் தொழில் இருந்தது.

வேலை பாதியில், பேங்க் திவால்

எழும்பூருக்குத் திரும்புவோம். அந்த 1905 - 1908 காலம் காண்ட்ராக்டர்களுக்கு எப்படிப்பட்டது?

முதலில் பொருட்கள். ஜாம்ஷெட்பூரில் டாடா ஸ்டீல் உற்பத்தி 1912இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பெரிய இரும்பு உத்தரமெல்லாம் கப்பலில் வர வேண்டும். சிமெண்ட்டும் அப்படித்தான். 1904இல் மெட்ராஸில் கிளிஞ்சலிலிருந்து சிமெண்ட் செய்யும் ஒரு முயற்சி நடந்தது, பெரிதாக வளரவில்லை. சுவர் எழுப்பச் சுண்ணாம்புச் சாந்துதான். ஒரு நல்ல விஷயம், ரூபாய் மதிப்பு அப்போது நிலையாக இருந்தது. ஒரு பவுனுக்கு 15 ரூபாய். 1870களிலிருந்து வெள்ளி விலையோடு சேர்ந்து சரிந்துகொண்டே போன ரூபாய், 1898 வாக்கில்தான் இந்த இடத்தில் நின்றது. இறக்குமதிச் சாமான் வாங்குகிறவருக்கு இது பெரிய நிம்மதி.

அடுத்தது பணம். வேலை தொடங்கி ஒரு வருடம் ஆன நேரத்தில், 1906 அக்டோபர் 22 அன்று அர்புத்நாட் கம்பெனி கதவை மூடியது. மெட்ராஸின் பெரிய வணிக நிறுவனங்களில் அது ஒன்று. அரசாங்க ஊழியர்கள், வக்கீல்கள், மிராசுதார்கள், விதவைகள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் அதில் டெபாசிட் வைத்திருந்தார்கள். சர் ஜார்ஜ் அர்புத்நாட் மோசடிக் குற்றத்துக்காக ஜெயிலுக்குப் போனார். "நம் பணத்துக்கு நம் பேங்க் வேண்டும்" என்ற வேகத்தில் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் முன்னின்று 1907இல் இந்தியன் பேங்க்கைத் தொடங்கினார்கள்.

நகரத்தில் கடன் நம்பிக்கையே ஆடிப்போன சமயம் அது. கடன் வாங்கிக் கூலி கொடுத்து, பில் பாஸ் ஆனதும் கடனை அடைப்பதுதான் காண்ட்ராக்டர் தொழிலின் மூச்சு என்பதை நினைத்துப் பாருங்கள். அந்தச் சமயத்தில் பில் பணம் வருமா வராதா என்பதுதான் உயிர்நாடிக் கேள்வி. முன்பு பார்த்த லண்டன் முதலும் அரசு உத்தரவாதமும் இங்கேதான் வேலை செய்கின்றன. ரயில்வே கம்பெனி மெட்ராஸ் டெபாசிட்தாரர்களை நம்பி நடக்கவில்லை. வரிப்பணம் முதுகைத் தாங்கியது. ஸ்டேஷன் மூன்றே வருடத்துக்குள் முடிந்தது.

அதே வருடங்களில் அமெரிக்காவில்

அமெரிக்க நகரங்களிலும் இதே காலத்தில் பிரமாண்டமான கட்டடங்கள் எழுந்தன. அங்கே தொழிலே வேறு உருவம் எடுத்தது. 1882இல் சிகாகோவில் தன் கம்பெனியைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபுல்லர், கொத்து வேலை ஒருவருக்கு, தச்சு வேலை ஒருவருக்கு என்று முதலாளி தனித்தனியாகப் பேசும் பழக்கத்தை மாற்றினார். மொத்தப் பொறுப்பையும் ஒரே கம்பெனி எடுத்தது. இன்றைய 'ஜெனரல் காண்ட்ராக்டர்' என்ற உருவத்துக்கு வழிகாட்டிகளில் அவர் முக்கியமானவர். நியூயார்க்கின் புகழ்பெற்ற ஃபிளாட்அயர்ன் கட்டடத்தை (1902) கட்டியது அவர் கம்பெனிதான். அதற்கு முதலில் வைத்த பெயரே ஃபுல்லர் பில்டிங்! 1910இல் திறந்த நியூயார்க் பென்சில்வேனியா ஸ்டேஷனும் அதே கம்பெனியின் வேலை.

இன்னொரு பக்கம், எந்த ஊரில் என்ன கட்டப் போகிறார்கள், யாருக்கு எவ்வளவுக்கு காண்ட்ராக்ட் போனது என்ற தகவலே விற்பனைப் பொருள் ஆனது. 1890களில் பாஸ்டனில் எஃப். டபிள்யூ. டாட்ஜ் என்பவர் இந்தத் தகவல்களைச் சேகரித்து சிமெண்ட் வியாபாரி, மர வியாபாரி, பெயிண்ட் வியாபாரி என்று சந்தா பிடித்து விற்றார். பிற்பாடு பொருளாதார நிபுணர்களும் இந்தக் கணக்கைப் பார்க்கத் தொடங்கினார்கள். கட்டட ஒப்பந்தம் குறைந்தால் ஊரில் மந்தம் வரப்போகிறது என்று அர்த்தம்.

மந்தமும் வரத்தான் செய்தது. அர்புத்நாட் விழுந்து ஒரு வருடத்தில், 1907 அக்டோபரில், நியூயார்க்கில் நிக்கர்பாக்கர் டிரஸ்ட் ஆட்டம் கண்டு பெரிய பேங்க் பீதி. அந்தக் காலகட்டத்தில்தான் ஃபிராங்க் கில்பிரெத் போன்ற காண்ட்ராக்டர்கள், செலவோடு ஒரு நிலையான கூலி என்ற மூன்றாவது வகை ஒப்பந்தத்தைப் பெரிதாக விளம்பரம் செய்தார்கள். நம் மேலாண்மைப் பாடப் புத்தகத்தில் 'இயக்க ஆய்வு' என்று வரும் அதே கில்பிரெத்தான். செங்கல் அடுக்குவதில் எத்தனை அசைவு வீண் என்று எண்ணியவர், நஷ்டம் யார் தலையில் என்பதையும் எண்ணாமல் இருப்பாரா?

அளவைப் புரிந்துகொள்ள ஒரு ஒப்பீடு. 1913இல் முடிந்த நியூயார்க் உல்வொர்த் கட்டடத்தின் செலவு 135 லட்சம் டாலர். அன்றைய மாற்று விலையில் ஒரு டாலர் ஏறக்குறைய 3 ரூபாய். ஆக 4 கோடிக்கும் மேல், இருபது எழும்பூருக்கு மேல் கட்டலாம். இர்வின் வரைந்த மைசூர் அரண்மனை (1897 - 1912) ஆன செலவு 41 லட்சத்துச் சொச்சம்.

ஆனால் காலம் வேறு கணக்குப் போடுகிறது. எழும்பூருக்கு இரண்டு வருடம் பின்னால் திறந்த அந்தப் பென்சில்வேனியா ஸ்டேஷனை, நிலத்தின் மதிப்பு கட்டடத்தை மிஞ்சிவிட்டது என்று 1963இல் இடிக்கத் தொடங்கினார்கள். எழும்பூர் நூறு வருடம் தாண்டி நிற்கிறது.

அடுக்கின் கடைசிப் படி

முதல் அடுக்கில் பங்குதாரர், அவருக்கு அரசு உத்தரவாதம். இரண்டாவது அடுக்கில் கம்பெனி, அதற்கு ஒப்பந்தமும் டேவணியும் பிடித்தமும் பாதுகாப்பு. மூன்றாவது அடுக்கில் காண்ட்ராக்டர். அவர் தன் ஆபத்தில் ஒரு பகுதியைப் பிரித்து மேஸ்திரிகளுக்குத் துண்டு வேலையாகக் கொடுப்பார். மேஸ்திரிக்குக் கீழே கொத்தனார், சித்தாள், கல் உடைக்கிறவர். அவர்களோடு யாரும் எழுத்தில் ஒப்பந்தம் போடவில்லை. மழை வந்து வேலை நின்றால் அன்றைக்குக் கூலி கிடையாது. சாரத்திலிருந்து விழுந்தால் இழப்பீடு கேட்க, தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்ததே 1923இல்தான். ஸ்டேஷன் திறந்து பதினைந்து வருடம் கழித்து.

மேலிருந்து கீழே வர வர கூலி குறைகிறது, பாதுகாப்பும் குறைகிறது. பெயரும் அப்படித்தான். இர்வின் பெயர் எல்லாருக்கும் தெரியும். சாமிநாத பிள்ளை பெயர் தேடினால் கிடைக்கும். அவருக்குக் கீழே ஒரு பெயரும் இல்லை.

2022 மே மாதம் எழும்பூர் ஸ்டேஷன் மறுசீரமைப்புக்கு அடிக்கல் நாட்டினார்கள். பழைய கட்டடத்தை அப்படியே வைத்துக்கொண்டு சுற்றிலும் புதிதாகக் கட்டும் திட்டம். ஒப்பந்தத் தொகை சுமார் 735 கோடி, எடுத்தது ஐதராபாத் கம்பெனி. வடிவமைப்பு, கொள்முதல், கட்டுமானம் மூன்றும் ஒரே கையில். அதாவது 1905இல் இர்வினும் சாமிநாத பிள்ளையும் பிரித்துச் செய்த வேலைகளுக்கு இப்போது ஒரே கையெழுத்து. பென்சிலும் கரண்டியும் ஒரே கம்பெனியிடம் போனதால், வரைபடம் தப்பு என்று கட்டுகிறவர் சாக்குச் சொல்ல முடியாது.

அடுத்த தடவை எழும்பூரில் இறங்கும்போது ஒரு நிமிஷம் நின்று இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, அந்தப் பழைய குவிமாடம். இன்னொன்று, புது வேலை நடக்கும் பக்கம் தலையில் துண்டு கட்டிச் சட்டி சுமக்கும் ஆட்கள். நூற்றிருபது வருடத்தில் மேலே உள்ள ஒப்பந்தம் எவ்வளவோ மாறியிருக்கிறது. கீழே எவ்வளவு மாறியிருக்கிறது என்று அவர்களிடம் கேட்டால்தான் தெரியும்.